வீடு வீடாகச் சென்ற வசனம்



கிறிஸ்தவ அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்றிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்கும். ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே வேதாகம வசனம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். சில வீடுகளில் தின தியானப் புத்தகமும் இருக்கும். நாளுக்கு ஒரு பக்கம்.

நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளில் யாரையாவது நிறுத்தி, அன்றைய தாளைப் படிக்கச் சொல்வார். நாமும் பலமுறை படித்ததுண்டு. படித்து முடித்ததும் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். பக்கத்து லயத்தில் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டு போகும்போது, "இன்னிக்கு வந்த வார்த்தை இதுதாங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அந்த வீட்டுக்காரர் முனியாண்டியைக் கும்பிடுகிறவர். அவர் கஞ்சியையும் வாங்கிக்கொள்வார், வார்த்தையையும் கேட்டுக்கொள்வார்.

நாளுக்கு ஒரு வசனம் எடுத்து, அதை மனத்தில் இருத்தி, பிறருக்கும் சொல்லும் இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் முக்கியமான ஒரு பகுதி ஜெர்மனியின் கிழக்கு மூலையில் உள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அதைத் தேடிப் போனால் அது நம்மைக் கடல் கடந்து ஒரு கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவேதான் தோட்டத்து மக்களாகிய நமக்கு இது வேற்றார் கதையாகத் தோன்றவில்லை.

இன்றைய செக் நாட்டில் மொரேவியா என்றொரு பகுதி உண்டு. யான் ஹுஸ் என்னும் சீர்திருத்தவாதியை 1415-ஆம் ஆண்டு உயிரோடு எரித்தார்கள். அவருடைய போதனையைப் பின்பற்றியோர் 1457-இல் ஒரு சபையாக இணைந்தனர். பின்னாளில் அச்சபை கடுமையாக ஒடுக்கப்பட்டது. மிஞ்சியவர்கள் தங்கள் நம்பிக்கையை வீட்டுக்குள்ளே மறைத்து வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அவர்களில் சிலர் வீடு வாசலை விட்டு, எல்லையைக் கடந்து, சின்சென்டார்ப் என்னும் இளம் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1722-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டினார். அப்படித்தான் ஹெர்ன்ஹூட் உருவாயிற்று. ஆண்டவரின் காவல் என்பது அப்பெயரின் பொருள்.

சின்சென்டார்ப் 1700-ஆம் ஆண்டு பிறந்தவர். பத்து வயதில் ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியார் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். நேயர்களே, இங்கே நம் தமிழ் மண்ணும் கதைக்குள் வருகிறது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அதே ஹாலே நகரில் பயின்றவர். அவர் தரங்கம்பாடியிலிருந்து எழுதிய செய்திகள் பிராங்கேயின் வீட்டில் படிக்கப்படும். அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் சின்சென்டார்ப்பும் ஒருவர். தொலைவில் உள்ள மக்களிடம் இயேசு பெருமானின் அன்பைக் கொண்டு செல்லவேண்டும் என்ற ஆவல் அங்கேதான் அவருக்கு முளைவிட்டது.

1719-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், அவர் டியூசல்டார்ப் நகரில் ஓர் ஓவியத்தின் முன் நின்றார். டொமினிக்கோ பெட்டி என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த படம். முள்முடி சூட்டப்பட்ட இயேசுவின் முகம். உனக்காக நான் இதைச் செய்தேன், நீ எனக்காக என்ன செய்தாய் என்று கேட்கும் கருத்தில் படத்தின் கீழே சில சொற்கள் இருந்தன. அதற்கு விடை சொல்ல இயலாமல் தாம் வெட்கப்பட்டதாகப் பின்னாளில் அவரே குறித்துள்ளார். பிரபு குலத்தில் பிறந்து, செல்வத்துக்குக் குறைவின்றி வளர்ந்தவர் அவர். தாம் ஒன்றும் செய்யாமலேயே தம்மீது அன்பு செலுத்தப்பட்டிருக்கிறது என்ற உணர்வு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

ஹெர்ன்ஹூட்டில் எல்லாம் அமைதியாக நடந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். 1727-ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள், வெவ்வேறு வழிபாட்டுப் பழக்கம் உடையவர்கள். சச்சரவு மூண்டது. இருக்க இடம் கொடுத்த பிரபுவையே வேதத்தில் வரும் கொடிய மிருகம் என்று ஒருவர் தூற்றினார். பிரபு அரசுப் பணியை ஒதுக்கிவிட்டு ஊருக்கு வந்து, வீடு வீடாகச் சென்று பேசினார். மே 12-ஆம் நாள் யாவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு இசைந்தனர். ஆகஸ்டு 13-ஆம் நாள் அருகிலுள்ள பெர்த்தல்ஸ்டார்ப் கோயிலில் திருவிருந்தில் ஒன்றாகக் கலந்துகொண்டனர். பகைத்திருந்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். மொராவிய சபையார் இன்றும் அந்த நாளை நினைவுகூர்கின்றனர்.

ஒரு நாள் உருகுவது எளிது. மறுநாள் காலையில் என்ன செய்வது? திருவிழா முடிந்த மறுநாள் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது நமக்கெல்லாம் தெரியாததா!

அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததே தினசரி வசனம். 1728-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் மாலைக் கூட்டத்தில், மறுநாள் முழுவதும் மனத்தில் வைத்திருக்கும்படி சின்சென்டார்ப் ஒரு சிறு வாசகத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். அதற்கு அவர்கள் 'லோசுங்' என்று பெயரிட்டனர். படைவீரர்கள் இரவுக் காவலில் தம்மவரை அறிந்துகொள்ளச் சொல்லும் அடையாளச் சொல்லைக் குறிப்பது அது. அதன்பின் நாள்தோறும் காலையில் ஒரு சகோதரர் ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் அன்றைய வசனத்தைக் கொண்டு சென்றார்.

அவர் வாசலில் நின்று வசனத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. உள்ளே சென்று அமர்ந்து, அந்த வசனத்தைப் பற்றி வீட்டாரோடு பேசுவார். யாருக்கு உடல்நலம் இல்லை, யாருக்கு என்ன மனக்குறை என்பதை அறிந்து வந்து சபைக்குச் சொல்வார். நம் பழைய தோட்டங்களிலும் விடியுமுன் ஒருவர் லயம் லயமாக வந்து கதவைத் தட்டுவார், ஆளை வேலைக்கு எழுப்ப. ஹெர்ன்ஹூட்டிலும் ஒருவர் கதவைத் தட்டினார், வீட்டில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க. தின தியானம் என்பது தனியறையில் தனியொருவர் வாசிப்பது என்றே இன்று பலர் எண்ணுகிறோம். தொடக்கத்தில் அது இரண்டு பேர் சேர்ந்து செய்த காரியம். இது நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1731-ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டுப் புத்தகமாக அச்சாயின. அன்று முதல் ஆண்டு தவறாமல் அப்புத்தகம் வந்துகொண்டிருக்கிறது.

அதே 1731-ஆம் ஆண்டு டென்மார்க் அரசர் ஆறாம் கிறிஸ்டியனின் முடிசூட்டு விழாவுக்குச் சின்சென்டார்ப் கோபன்ஹேகன் சென்றார். அங்கே அந்தோணி என்ற ஆப்பிரிக்க இனத்தவரைச் சந்தித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் டென்மார்க்குக்குச் சொந்தமான செயின்ட் தாமஸ் தீவில் அடிமையாக இருந்து, எசமானரால் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். தம் சகோதரி அன்னாளும் சகோதரன் ஆபிரகாமும் இன்னும் அங்கேயே அடிமைகளாக இருக்கிறார்கள் என்றும், கடவுளைப் பற்றி அறிய அவர்களுக்கு ஏக்கம் உண்டென்றும் அவர் கூறினார். பின்பு ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து சபையார் முன் பேசினார். பகலெல்லாம் வேலை செய்யும் அந்த மக்களுக்குப் போதிக்க வேண்டுமானால் போதகரும் அடிமையாகித்தான் ஆகவேண்டும் என்று எச்சரித்தார்.

அதைக் கேட்டு முன்வந்தவர் லியோன்ஹார்ட் டோபர், மண்பாண்டம் செய்யும் குயவர். துணைக்குச் சென்றவர் டேவிட் நிட்ஷ்மன், தச்சர். 1732 ஆகஸ்டில் ஹெர்ன்ஹூட்டிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, டிசம்பரில் செயின்ட் தாமஸ் தீவை அடைந்தனர். இவ்விருவரும் தம்மை அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்று சிலர் மேடைகளில் உருக்கமாகச் சொல்வதுண்டு. அது நடந்ததல்ல. அப்படிச் செய்யவும் டோபர் தயாராக இருந்தார் என்பதே உண்மை. நிட்ஷ்மன் தச்சு வேலை செய்து இருவருக்கும் சோறு போட்டார். சில மாதங்களில் அவர் ஊர் திரும்பியபின், டோபர் தம் தொழிலுக்கு ஏற்ற மண் கிடைக்காமல், கிடைத்த வேலைகளைச் செய்து வறுமையில் நாட்களைக் கழித்தார்.

அந்தத் தீவு எப்படிப்பட்டது? கரும்பும் பருத்தியும் விளையும் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே உழைத்தனர். 1733-இல் பிறப்பிக்கப்பட்ட சட்டத்தின்படி, ஓடிப்போய் அகப்பட்ட அடிமையின் காலை வெட்டலாம். எசமானர் மனமிரங்கினால் காதை அறுப்பதோடு விடலாம். நம் முன்னோர் மலாயாக் காடுகளில் பட்ட பாடு சிறிதன்று. ஆயினும் அடிமை முறையையும் ஒப்பந்தக் கூலி முறையையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. ஒப்பந்தக் கூலியின் உழைப்பு விலைபோயிற்று. அங்கே மனிதரே விலைபோயினர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளையும் எசமானரின் சொத்தாயிற்று.

1736-இல் பிரெடரிக் மார்ட்டின் என்ற மற்றொரு மொராவியர் வந்தார். அவர் போதித்ததோடு நில்லாமல், எழுத்தும் கற்பித்தார். அவருக்குத் துணை நின்றவர் ரெபெக்கா என்ற இளம்பெண். அடிமையாகப் பிறந்து, இளமையிலேயே விடுதலை பெற்றவர். டச்சு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பொழுது சாய்ந்து வேலை ஓய்ந்தபின், மேடு பள்ளமான பாதைகளில் நடந்து, தோட்டம் தோட்டமாகச் சென்று அடிமைப் பெண்களுக்கு அவர் கற்பித்தார். விசுவாசிகள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, தங்கள் மனநிலையை ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர். பல குழுக்களுக்கு அடிமைகளே தலைமை தாங்கினர். ஹெர்ன்ஹூட்டில் சகோதரர் வீடு வீடாகச் சென்றார் என்றோமே, அதே வேலை இங்கே குடிசை குடிசையாக நடந்தது. பகலில் சவுக்கடி பட்டவரை இரவில் ஒருவர் வந்து பெயர் சொல்லி அழைத்து, உன்மேல் அன்பு கொண்டவர் ஒருவர் உண்டு என்று சொன்னால், அந்தச் சொல்லின் எடை எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தோட்டத்துரைமார் அந்த எடையை நன்றாகவே அறிந்திருந்தனர். படித்த அடிமை பணியமாட்டான் என்று அஞ்சினர். ரெபெக்கா 1738-இல் மத்தேயு பிராய்ண்ட்லிக் என்ற வெள்ளை மொராவியரை மணந்தார். அந்தத் திருமணம் செல்லாது என்று தீவின் மதகுரு ஒருவர் வழக்குக் கொண்டுவந்தார். கணவனும் மனைவியும் சிறையில் அடைக்கப்பட்டனர். ரெபெக்காவை மீண்டும் அடிமையாக விற்றுவிடும் அபாயமும் இருந்தது. 1739 ஜனவரி இறுதியில் சின்சென்டார்ப்பே தீவுக்கு வந்திறங்கி, ஆளுநரிடம் பேசி அவர்களை விடுவித்தார்.

அவர் திரும்பிச் செல்லும்போது, கறுப்பின விசுவாசிகள் அவரிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பினர். ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கு இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொடுவது இந்தக் கடிதங்களே. ஒன்று 650-க்கு மேற்பட்டோர் சார்பில் அரசர் ஆறாம் கிறிஸ்டியனுக்கு எழுதப்பட்டது. சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் பிரெடரிக் அரசரின் மகன்தான் இவர். படிக்கக் கற்றதற்காகத் தாங்கள் அடிக்கப்படுவதையும், புத்தகங்கள் கொளுத்தப்படுவதையும் அவர்கள் அதில் சொல்லி, இயேசுவைப் பற்றித் தொடர்ந்து கற்க அனுமதி வேண்டினர். மற்றொரு கடிதம் 250-க்கு மேற்பட்ட பெண்கள் சார்பில் அரசியாருக்கு எழுதப்பட்டது. அதை எழுதியவர் மடலேனா. ஆப்பிரிக்காவில் போப்போ என்ற ஊரைச் சேர்ந்தவர். தம் தாய்மொழியிலும் தீவில் வழங்கிய டச்சுக் கலப்பு மொழியிலும் அக்கடிதம் எழுதப்பட்டது. சொந்த நாட்டில் தாம் மாவு என்னும் தெய்வத்தை வணங்கியதையும், வெள்ளையர் நாட்டுக்கு வந்தபின் வெள்ளையரே தம்மை இயேசுவை வணங்கவிடாமல் தடுப்பதையும் அவர் எடுத்துரைக்கிறார். கிறிஸ்தவ அரசிக்கு இதைவிடச் சங்கடமான கேள்வியை யார் கேட்டிருக்க முடியும்? மொராவியர் தம் பணியைத் தொடர அரசரின் பாதுகாப்பு கிடைத்தது.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு சொல்ல வந்தவர்கள் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கக் கூடாது. தீவை விட்டுப் புறப்படுமுன் சின்சென்டார்ப் அந்த மக்கள் முன் ஒரு பிரியாவிடை உரை ஆற்றினார். எசமானருக்குக் கீழ்ப்படியுங்கள், அடிமைத்தனம் கடவுள் விதித்தது, மனமாற்றம் உங்கள் உள்ளத்தைத்தான் விடுவிக்கும், உடலை அன்று என்பது அதன் சாரம். மேலும், மொராவியரே அத்தீவில் ஒரு தோட்டத்தை, அதில் உழைத்த அடிமைகளோடு சேர்த்து விலைக்கு வாங்கியிருந்தனர். ஆம், அடிமைகளோடு சேர்த்துத்தான். பின்னாளில் அங்கே அவர்கள் அமைத்த நிலையத்துக்குப் புதிய ஹெர்ன்ஹூட் என்றே பெயர் வழங்கியது.

அக்காலத்து நிலை அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நமக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. சின்சென்டார்ப் இயேசுவின் அன்பை அனுபவித்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. கடல் கடந்து வந்து சிறைக்கதவைத் திறக்கச் செய்தவரும் அவரே. ஆனால் ஓவியத்தின் முன் அவர் கேட்ட கேள்வி, தோட்டத்தின் வேலியோரம் வந்ததும் அவருக்குக் கேட்காமல் போயிற்று. மடலேனாவுக்கு அது கேட்டது. அவர் அந்த அன்பைக் கேட்டறிந்ததோடு நில்லாமல், அதன் பேரால் அரசியிடமே நியாயம் கேட்டார். இருவரில் யார் வசனத்தை நன்றாகப் படித்தவர் என்று கேட்டால், பிரபுவைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

விடுதலை வர அதற்குப்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1841 முதல் அருகிலுள்ள செயின்ட் க்ராய் தீவில், ஆளுநர் பீட்டர் வான் ஷோல்ட்டன் ஏற்பாட்டில், அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பை மொராவியர் ஏற்றனர். 1848 ஜூலை மாதத் தொடக்கத்தில் அத்தீவின் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கோட்டை முன் நின்று விடுதலை கேட்டனர். ஜூலை 3-ஆம் நாள் ஆளுநர் விடுதலை அறிவித்தார். அது இரக்கத்தால் மட்டும் கிடைத்ததன்று, கேட்டு வாங்கியது.

ரெபெக்கா என்ன ஆனார்? 1742-இல் கணவருடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். கணவரையும் குழந்தையையும் இழந்தார். 1746-இல் ஆப்பிரிக்கத் தாய்க்கும் டேனியத் தந்தைக்கும் பிறந்த கிறிஸ்டியன் புரோட்டன் என்ற மொராவியரை மணந்தார். பின்னாளில் அவரோடு இன்றைய கானா நாட்டிலுள்ள கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்குச் சென்று, 1780-இல் அங்கேயே காலமானார். தம் முன்னோர் எந்தக் கரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டார்களோ, அந்தக் கரையில் அவர் இறுதி நாட்கள் கழிந்தன.

மொராவியர் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். 1760-ஆம் ஆண்டு, அதாவது சின்சென்டார்ப் மறைந்த அதே ஆண்டு, அவர்களில் ஒரு குழு அங்கே வந்து ஒரு தோட்டம் அமைத்துக் குடியிருந்தது. வெயிலும் நோயும் பலரைக் கொண்டுபோயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குடியிருப்பு முடிவுக்கு வந்தது.

தினசரி வசனப் புத்தகமோ நிற்கவில்லை. ஹெர்ன்ஹூட்டில் இன்றும் ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களைத் தனித்தனிச் சீட்டுகளாக ஒரு கிண்ணத்தில் இட்டு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று குலுக்கி எடுக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேர்ந்து பக்கத்தில் சேர்க்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளிவருகிறது. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1943-இல் கைதாகி, 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் டீட்ரிக் போன்ஹோபர், சிறையிலும் இந்தப் புத்தகத்தை நாள்தோறும் வாசித்து வந்தார். அன்றன்றைய வசனத்தைத் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களிலும் குறிப்பிட்டார். அதே காலையில் அதே பக்கத்தை நண்பரும் திறந்திருப்பார் அல்லவா?

மடலேனாவின் கடிதமும் அழியாமல் இருக்கிறது. சின்சென்டார்ப் காலத்திலேயே அது அச்சேறியது. அதன் அடியில் அவர் தமக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயரை மட்டும் எழுதவில்லை. ஆப்பிரிக்காவின் போப்போவிலிருந்து வந்த மரோட்டா, இப்போது மடலேனா என்று இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறார்.